முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகினால்: செங்கோட்டைப் பக்கத்துப் பழைய வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கு வாரம் இரண்டு தடவையாவது பழைய பைக்கில் போய்வருகிறவன் நான். மெக்கானிக் இல்லை. ஆனால் முன் டிஸ்க் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை, அதாவது லிவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளும் சிலிண்டரை, என் வண்டியிலும் தெரிந்தவர்கள் வண்டிகளிலுமாகப் பல தடவை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். முதல் இரண்டு தடவை தப்பாகப் பூட்டினேன். ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் ஆள் மாற்றி ஆள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும்?

ஹேண்டிலின் வலது பக்கம் லிவரோடு சேர்ந்து ஒரு சின்ன டப்பா இருந்து, அதற்குள் பிரேக் ஆயில் இருந்தால் பொருந்தும். 1969-ல் ஹோண்டா சிபி 750-ல் வந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் 1999-ல் வந்த சிபிசட், 2001-ல் வந்த பல்சர், அப்புறம் டிஸ்க் வைத்த புல்லட் வகைகள் என்று எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒரே மாதிரிதான்: ஒரு பிஸ்டன், இரண்டு ரப்பர் கப், ஒரு ஸ்பிரிங். அளவுகள் மட்டும் வேறுபடும். ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஜப்பானில் அந்த வண்டிக்கு முன்னால் டிஸ்க் இருந்தது, இங்கே வந்தபோது டிரம் ஆக்கிவிட்டார்கள். பின்னாளில் டிஸ்க் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கீழே, வேறு வண்டி சிலிண்டர் மாட்டுவது பற்றிய பதிலில், ஒரு வரி இருக்கிறது.

லிவர் பக்கம் பிசுபிசு என்று இருக்கிறது. எங்கிருந்து ஒழுகுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிட் (சிலிண்டருக்குள் மாற்றும் ரப்பர் சாமான்கள் சேர்ந்த பொட்டலம்) வாங்க ஓடுவதற்கு முன் இதைக் கண்டுபிடித்துவிடுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல் சாமானை மாற்றிவிட்டு, அப்புறமும் ஒழுகுதே என்று வந்து நிற்கிறார்கள்.

முதலில் அந்தப் பகுதியைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும், சோப்புகூட வேண்டாம். துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைச் சிலிண்டரைச் சுற்றித் தூவுங்கள். லிவரை இருபது முப்பது தடவை அழுத்திவிட்டு வண்டியை ராத்திரி அப்படியே நிறுத்துங்கள். காலையில் பவுடர் எங்கே நனைந்திருக்கிறதோ அதுதான் இடம்.

மூடிக்குக் கீழே நனைந்திருந்தால் மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் சுருங்கியிருக்கும், அல்லது யாரோ டப்பாவை விளிம்பு வரை ரொப்பியிருப்பார்கள். ஓஸ் (ஆயில் கீழே போகும் குழாய்) வந்து சேரும் போல்ட்டைச் சுற்றி நனைந்திருந்தால் காப்பர் வாசர். ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியில் நனைந்திருந்தால் அந்தக் கண்ணாடியின் சீல். சிலிண்டருக்குள் லிவர் முட்டும் முனையில் ஒரு ரப்பர் தொப்பி இருக்குமே, அதிலிருந்து சொட்டினால்தான் உள்ளே கப் போய்விட்டது என்று அர்த்தம். ரப்பர் தொப்பியை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தாலோ, வெள்ளையாகப் பொரிந்து உப்புப் போல ஏதாவது இருந்தாலோ சந்தேகமே வேண்டாம், பிரித்தாக வேண்டும்.

டப்பாவில் ஆயில் குறைகிறது. ஆனால் எங்கேயும் ஈரம் இல்லையே?

பேட் தேய்ந்திருக்கும். பேட் என்பது டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டை, அதை அழுத்துவது சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் கேலிபர். பேட் தேயத் தேய கேலிபர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், மேலே மட்டம் இறங்கும். இது கசிவு இல்லை. பேட்டைப் பார்க்காமல் மேலே ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டால், பின்னால் புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் மூடி வழியாகப் பொங்கி டேங்க் மேல் வழியும்.

வெளியே ஒரு சொட்டு இல்லை. ஆனால் லிவரை அழுத்திப் பிடித்திருந்தால் மெள்ள மெள்ள ஹேண்டிலோடு வந்து ஒட்டுகிறது. ஏன்?

உள்ளே இருக்கும் இரண்டு கப்பில் முன்னால் இருக்கும் கப் அழுத்தத்தைத் தாங்கவில்லை, ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் நழுவுகிறது. வெளியே ஒழுகுவதைவிட இது மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. சிக்னலில் நிற்கும்போது லிவரை நிதானமாகப் பிடித்துப் பார்த்தால் பிடிபடும்.

ஒழுகினாலும் பிரேக் நல்லாத்தான் பிடிக்கிறது. சீசன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாமா?

குற்றால சீசன் முடியட்டும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பிரேக் ஏன் இன்னும் பிடிக்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பிஸ்டனில் முன்னும் பின்னுமாக இரண்டு கப். முன் கப்தான் ஆயிலை அழுத்திக் கேலிபருக்கு அனுப்புகிறது. பின் கப், அதாவது லிவர் பக்கத்துக் கப், டப்பாவிலிருந்து இறங்கி வந்து பிஸ்டனின் இடுப்பைச் சுற்றி நிற்கும் ஆயில் வெளியே போகாமல் காவல் காப்பது மட்டும்தான். அங்கே அழுத்தம் கிடையாது. அதனால் பின் கப் கிழிந்து வெளியே சொட்டினாலும் முன் கப் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். லிவர் கெட்டியாக இருக்கும், நமக்கும் தைரியமாக இருக்கும். டப்பாவில் மட்டம் இறங்கி அடியில் இருக்கும் துளை வெளியே தெரியும் நாளில் உள்ளே காற்று போகும். அன்றைக்கு லிவர் ஒரே அழுத்தில் ஹேண்டில் வரை வந்துவிடும். படிப்படியாகக் குறைந்து எச்சரிக்கை கொடுக்காது. கோட்டைவாசலிலிருந்து புளியரை எஸ் வளைவுக்கு இறங்கும்போது, பின்னால் வைக்கோல் லாரி வந்துகொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வண்டி நிற்கும்போதும் ஒழுக்கு நிற்காது என்பதையும் கவனியுங்கள். அழுத்தம் தேவையில்லாத கசிவு என்பதால் ராத்திரி முழுக்கச் சொட்டும்.

அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு சொட்டுகூடக் கூடாது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர். நாம் பிரேக் ஆயில் என்கிறோம், மலைக்கு அந்தப் பக்கம் பிரேக் ஓயில் என்கிறார்கள். அது ஆயிலே இல்லை. கிளைக்கால் (glycol) என்ற ரசாயன வகையைச் சேர்ந்த திரவம், எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிலிண்டரின் ரப்பர் கப் அந்தத் திரவத்துக்கென்றே செய்யப்பட்டது. பெட்ரோலியத்திலிருந்து வந்த எதுவும், எஞ்சின் ஆயில், கிரீஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவானாலும், பட்டால் கப் ஊறிப்போகும்.

ஒரு தடவை வழியில் மட்டம் இறங்கிவிட்டது என்று ஒரு பட்டறையில் நிறுத்தினேன். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அங்கிருந்த பையன் டப்பாவை நிரப்பிவிட்டான். என்ன ஊற்றினாய் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் லிவர் திரும்பி வர மறுத்தது, முன் சக்கரம் தள்ளினாலும் நகரவில்லை. பிரித்துப் பார்த்தால் கப் இரண்டும் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி பெருத்துக் கிடந்தது. மாஸ்டர் சிலிண்டர் கப், கேலிபர் சீல், டயாஃப்ரம், ஓஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். கப் மட்டும் மாற்றினால் போதாது, எண்ணெய் பட்ட ரப்பர் எல்லாமே போக வேண்டும்.

அப்படியானால் எது ஊற்றுவது? டாட் (DOT) 3, 4, 5 என்று என்னென்னவோ இருக்கிறதே?

மூடியின் மேலேயே எழுதியிருக்கும், அதை ஊற்றுங்கள். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4.

வித்தியாசம் கொதிநிலையில். புதிதாக, ஈரமில்லாமல் இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது, டாட் 4 குறைந்தது 230 வரை. சுமார் 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140, 155 என்று இறங்கிவிடுகிறது. இந்த இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம், காரணம் அடுத்த பதிலில். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது பெயரில்தான் டாட் 5 மாதிரி, உண்மையில் கிளைக்கால் வகை. கடையில் அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுத்துவிடுவார்கள், டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

சின்ன பாட்டிலாக, சீல் உடையாததாக வாங்குங்கள். பாதி மீந்ததை அடுத்த வருஷத்துக்கு என்று அலமாரியில் வைக்காதீர்கள்.

ரப்பர் தரம் சரியில்லையா? நம்ம பக்கத்தில் மட்டும் ஏன் இது இவ்வளவு சீக்கிரம் போகிறது?

ரப்பரைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில் முக்கால்வாசி வண்டிகளில் குற்றவாளி தண்ணீர்தான்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மூடி வழியாக, ஓஸ் ரப்பர் வழியாகக்கூட உறிஞ்சும். பாளையங்கோட்டை வெயிலில் நிற்கும் வண்டிக்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலிலும் ஆரியங்காவு மூடுபனியிலும் ஓடும் வண்டிக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். உறிஞ்சிய தண்ணீர் சிலிண்டரின் அலுமினியத்தை அரிக்கிறது. வெளியிலிருந்தும் ஒரு வழி இருக்கிறது. லிவர் முனையில் உள்ள ரப்பர் தொப்பி வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் அதற்குள் புகுந்து வெளியே போக முடியாமல் தேங்கி நிற்கும். பின் கப் ஓடும் இடம் சரியாக அங்கேதான். அலுமினியம் அங்கே பொரியும், அந்தப் பொரிவு கப்பை அராவும், ஒழுகத் தொடங்கும். நாம் கப்பை மாற்றுகிறோம், பொரிவு அப்படியே இருக்கிறது.

பல வண்டிகளின் மேனுவலில் பிரேக் ஆயிலை 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கிறது. நான் வருஷா வருஷம் மே கடைசியில் மாற்றுகிறேன். பார்டர் கடையில் ஒரு ஆள் புரோட்டாவும் கோழியும் சாப்பிடும் காசுகூட ஆகாது.

சிலிண்டரை எப்படிக் கழற்றுவது? படிப்படியாகச் சொல்லுங்களேன்.

டேங்க், ஸ்பீடாமீட்டர், முன் மட்கார்டு மூன்றையும் பழைய பெட்ஷீட்டால் மூடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் இருக்கட்டும். பெயின்ட்டில் சொட்டினால் துடைக்காதீர்கள், தண்ணீரை ஊற்றுங்கள். துடைத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

ஹேண்டிலைத் திருப்பி டப்பாவை மட்டமாக வையுங்கள். மூடியின் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூதான் முதல் சோதனை. வருஷக்கணக்கில் திறக்காத மூடி என்றால் ஸ்க்ரூ தலை தேய்ந்து மொட்டையாகிவிடும். சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை நேராக வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அழுத்திக்கொண்டே திருப்புங்கள். மூடி, தகடு, டயாஃப்ரம் மூன்றையும் எடுத்தபின், மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சால் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பழைய ஆயிலை வாய்க்காலிலோ மண்ணிலோ ஊற்றாமல் பாட்டிலில் சேர்த்து, எஞ்சின் ஆயில் மாற்றும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

சிலிண்டர் இன்னும் ஹேண்டிலில் இருக்கும்போதே ஓஸ் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். கையில் எடுத்த பிறகு அதைத் திருப்பப் பிடிமானம் கிடைக்காது. அப்புறம் பிரேக் லைட் சுவிட்ச் வயர், லிவர், ஓஸ், கடைசியாக ஹேண்டில் கிளாம்ப் என்று கழற்றுங்கள். கிளாம்ப்பில் அம்புக்குறியோ வேறு அடையாளமோ இருக்கும், எந்தப் பக்கம் மேலே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓஸின் முனையைப் பாலித்தீனால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

இனி மேசைக்கு வாருங்கள். ரப்பர் தொப்பியை எடுத்தால் உள்ளே குழிக்குள் ஒரு சின்ன சர்க்ளிப் (பிஸ்டன் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) தெரியும். பிஸ்டனை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீள மூக்கு சர்க்ளிப் பிளேயரால் அதை எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், ஸ்பிரிங் துள்ளும். வெளியே வரும் வாசர், பிஸ்டன், கப், ஸ்பிரிங் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கிப் படம் எடுங்கள். நான் முதல் தடவை படம் எடுக்கவில்லை. கப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு அரை நாள் ஏர் எடுத்துக்கொண்டிருந்தேன், அதாவது உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தேன்.

சர்க்ளிப் துருப்பிடித்து அசையவே இல்லை. பிஸ்டனும் இறுகிக் கிடக்கிறது.

இந்த வேலையிலேயே கடினமான இடம் இதுதான். அவசரப்பட்டால் சர்க்ளிப்பின் காது ஒடிந்துபோகும். வாயை மேலே பார்க்க வைத்துப் பிரேக் ஆயிலையே ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் வெந்நீரில் போட்டு எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, பிஸ்டனை உள்ளே தட்டித் தட்டி விட்டுப் பாருங்கள். சர்க்ளிப் தன் பள்ளத்தில் சுற்றத் தொடங்கினால் வந்துவிடும்.

சர்க்ளிப் வந்தும் பிஸ்டன் வரவில்லை என்றால் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போங்கள். சிலிண்டர் வாயைத் தடித்த துணிக்குள் பொதிந்து கீழ்நோக்கிப் பிடித்து, ஓஸ் துளை வழியாகக் கொஞ்சமாகக் காற்று கொடுத்தால் பிஸ்டன் துணிக்குள் வந்து விழும். முகத்தை எதிரே வைக்காதீர்கள், கையையும்தான்.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். கறை மாதிரி ஏதோ தெரிகிறது. கிட் போட்டால் போதுமா?

என்னைக் கேட்டால் ரிப்பேரின் தலையெழுத்தே இந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது. கிட் நல்லதா மட்டமா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

பிரேக் ஆயிலால் உள்ளே நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வெறும் நிறம் மாறியிருந்து, விரல் நகத்துக்கோ குண்டூசி முனைக்கோ எதுவும் தட்டவில்லை என்றால் அது கறை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைச் சின்னதாக வெட்டிப் பிரேக் ஆயிலில் நனைத்து, குச்சியில் சுற்றி, வட்டமாகத் திருப்பித் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் வேண்டாம். பல சிலிண்டர்களில் உள்சுவருக்குக் கெட்டியான மேல்பூச்சு உண்டு, உப்புத்தாள் அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் அடுத்த மழைக்குள் அரிப்பு இரண்டு மடங்காகும்.

குண்டூசி முனை தட்டி நின்றால் அது பள்ளம். பள்ளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாய்ப் பக்கம், சர்க்ளிப்பை ஒட்டி, கப் எட்டாத இடத்தில் இருந்தால் சுத்தம் செய்துவிட்டுப் போடலாம். கப் போய்வரும் பாதையில் இருந்தால் கிட்டுக்குச் செலவழிப்பது வீண். என் இரண்டாவது தப்பு இதுதான். குன்னிமுத்துக் கண் அளவுக்கு ஒரே ஒரு பள்ளம், புதுக் கப் அதை மூடிக்கொள்ளும் என்று போட்டேன். ஆடி மாதம் போட்டது, ஐப்பசி மழை வருவதற்குள் மறுபடியும் சொட்டியது. கப்பை எடுத்துப் பார்த்தால் உதட்டில் பள்ளத்துக்கு நேராக ஒரு கோடு, கத்தி கீறின மாதிரி.

அப்படியானால் என்ன வழி? லேத்தில் ஸ்லீவ் போடலாமா, புதுசு வாங்குவதா, வேறு வண்டி சிலிண்டர் மாட்டுவதா?

உங்கள் வண்டிக்கு முழு சிலிண்டர் புதிதாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். தென்காசியில் இல்லாதது திருநெல்வேலியில் கிடைக்கலாம், புனலூரிலும் கொல்லத்திலும் கேட்டுப் பாருங்கள். மலைக்கு இரு பக்கமும் கடை இருப்பது நமக்குள்ள வசதி.

சாமான் வருவதே நின்றுபோன வண்டி என்றால் ஸ்லீவ். சிலிண்டரைக் குடைந்து எவர்சில்வர் அல்லது பித்தளைக் குழாயை இறுக்கி உட்கார வைத்து, பழைய அளவுக்கே உள்ளே இழைப்பார்கள். நல்ல கைக்காரரிடம் செய்தால் பழையதைவிட உழைக்கும், துருவும் பிடிக்காது. ஆனால் டப்பாவிலிருந்து இறங்கும் இரண்டு துளைகளையும் அதே இடத்தில், அதே அளவில், பிசிறு இல்லாமல் மறுபடி போட வேண்டும். பிசிறு இருந்தால் கப்பை முதல் நாளே கிழித்துவிடும். பிரேக் சிலிண்டர் செய்து பழக்கம் இல்லாத லேத் பட்டறையில் இதைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

வேறு வண்டி சிலிண்டர் மாட்டுவதானால் உள்விட்டத்தைப் பாருங்கள். சிலிண்டர் உடம்பிலேயே 11, 1/2 அங்குலம், 14 என்று பொறித்திருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதற்குப் பதிலாக 14 மி.மீ. போட்டால் பிஸ்டன் பரப்பு சுமார் 21 சதவீதம் கூடும். லிவர் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதே பிடிப்புக்கு நீங்கள் அந்த அளவுக்குக் கூடுதலாக அழுத்த வேண்டும். சின்ன விட்டம் போட்டால் பிடிப்பு இலகுவாகும், லிவர் நீளமாக உள்ளே போகும், ரொம்பச் சின்னதென்றால் ஹேண்டிலில் முட்டும். டிரம் வண்டிக்கு டிஸ்க் மாட்டியவர்கள் கேலிபர் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதே வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையே போடுவது நல்லது.

கிட் பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் டப்பாவின் அடியைப் பாருங்கள். இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று ஊசி முனை அளவு, பெரும்பாலும் கசடு மூடியிருக்கும். மெல்லிய ஒற்றைக் கம்பியால் மெதுவாகக் குத்தி, பிரேக் ஆயில் விட்டுக் கழுவுங்கள். அதைப் பெரிதாக்கக் கூடாது. ஏன் இந்தச் சின்னத் துளைக்கு இவ்வளவு பாடு என்பதைக் கீழே சொல்கிறேன்.

கப்பையும் பிஸ்டனையும் பூட்டுவதற்கு முன் புதுப் பிரேக் ஆயிலில் தோய்த்தெடுங்கள். கிரீஸ் வேண்டாம். கப்பின் விரிந்த வாய் ஸ்பிரிங் பக்கம், அதாவது லிவருக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு கப்புக்கும் இதுதான் திசை. ஸ்பிரிங் ஒரு முனை அகலமாகவும் ஒரு முனை குறுகியும் இருந்தால், வழக்கமாகக் குறுகிய முனை பிஸ்டன் பக்கம் வரும். உங்கள் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தள்ளும்போது கப்பின் உதடு மடங்காமல் பார்த்து, லேசாகத் திருகித் திருகி இறக்குங்கள். சர்க்ளிப் பள்ளத்தில் உட்காரும்போது டிக் என்று சத்தம் கேட்கும். கேட்டாலும் சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், அது கழன்றால் பிஸ்டனே வெளியே வந்துவிடும். கிட்டில் வரும் ரப்பர் தொப்பியை மறக்காமல் மாற்றுங்கள். பழைய தொப்பி நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால் தண்ணீருக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

காப்பர் வாசர் பழையதையே போடலாமா?

புதுசு சில்லறைக் காசு, மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை என்றால் பழைய வாசரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், செம்பு மறுபடி மெத்தென்று ஆகும். ஓஸுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒழுகுதே என்று போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

எல்லாம் பூட்டியாச்சு. லிவர் பொதபொத என்றுதான் இருக்கிறது. எத்தனை தடவை ஏர் எடுத்தும் கெட்டியாகவில்லை.

காய்ந்த மாஸ்டர் சிலிண்டரில் மேலேயே காற்று மாட்டிக்கொள்ளும். கேலிபர் நிப்பிளில் (காற்றை வெளியே விடத் திறந்து மூடும் ஸ்க்ரூ) மணிக்கணக்காக எடுத்தாலும் அது கீழே வராது, காற்றுக்கு மேலே போகத்தானே தெரியும்.

முதலில் மேலே ஏர் எடுங்கள். டப்பாவில் ஆயில் ஊற்றி, மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு, லிவரை ஒரு விரல்கடை அளவுக்கு மட்டும் மெதுவாக அழுத்தி விடுங்கள். சின்னத் துளையிலிருந்து குமிழி வரும். வருவது நிற்கும் வரை செய்யுங்கள். அப்புறம் ஓஸ் போல்ட்டைத் துணியால் சுற்றி, லிவரை அழுத்திப் பிடித்தபடி கால் சுற்றுத் தளர்த்தி, உடனே இறுக்கி, அதற்குப் பிறகே லிவரை விடுங்கள். இரண்டு மூன்று தடவை போதும். அதன் பிறகு கீழே வாருங்கள். நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி, அழுத்து, பிடி, திற, மூடு, விடு என்று அதே வரிசையில் செய்யுங்கள். டப்பாவில் மட்டம் இறங்கிக் காற்று புகுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அவ்வளவு செய்தும் பிடிவாதம் பிடித்தால் சிரிஞ்சால் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே ஆயிலை ஏற்றலாம். காற்று போக விரும்பும் திசையிலேயே அதை அனுப்புகிறோம், நான் இப்போதெல்லாம் இப்படித்தான் தொடங்குகிறேன். டப்பா பொங்காமல் ஒருவர் மேலே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி லிவரை ஹேண்டிலோடு கட்டி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் அவிழ்த்து நாலு தடவை அழுத்தினால் மிச்சக் குமிழிகளும் மேலே வந்துவிடும்.

ரிப்பேர் செய்தபின் பத்து கிலோமீட்டர் ஓடினால் முன் சக்கரம் இறுகுகிறது. ஆறியதும் சரியாகிவிடுகிறது. ஏன்?

நான் சொன்ன அந்தச் சின்னத் துளைதான். லிவரை விட்டதும் கேலிபரிலிருந்து திரும்பும் ஆயிலும், சூட்டில் விரியும் ஆயிலும் அந்த வழியாகத்தான் டப்பாவுக்கு ஏற வேண்டும். அது அடைத்திருந்தால் விரிந்த ஆயில் போக இடமில்லாமல் பேட்டை அழுத்தும், பேட் டிஸ்க்கைச் சூடாக்கும், சூட்டில் ஆயில் இன்னும் விரியும். கடைசியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். தென்மலை தாண்டி எனக்கு ஒரு தடவை இப்படி ஆனது. டிஸ்க்கில் மழைத்துளி பட்டுச் சுரீர் என்று ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தி, நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தி நாலு சொட்டு விட்டதும் சக்கரம் விடுபட்டது. நிப்பிளை இறுக்கிவிட்டு வீடு வரை பின் பிரேக்கிலேயே மெதுவாக வந்தேன்.

துளை சுத்தமாக இருந்தும் இறுகினால் லிவரைப் பாருங்கள். விழுந்து வளைந்த லிவர், அல்லது அளவு சரியில்லாத லிவர் பிஸ்டனை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தால் கப் பின்னால் போகாது, துளை திறக்காது. லிவருக்கு ஒரு மயிரிழையாவது ஆட்டம் இருக்க வேண்டும்.

பேடில் பிரேக் ஆயில் பட்டுவிட்டது. கழுவிப் போடலாமா?

மாற்றிவிடுங்கள். டிஸ்க்கை மட்டும் கழுவலாம்.

நானே செய்யத் தைரியம் இல்லை. மெக்கானிக்கிடம் என்ன சொல்லிக் கொடுப்பது?

வெட்கப்பட ஒன்றுமில்லை, பிரேக் விஷயத்தில் பயம் நல்லதுதான். “அண்ணாச்சி, கப் மாத்துறதுக்கு முன்னாடி உள்ளே பள்ளம் இருக்கான்னு எனக்குக் காட்டுங்க” என்று சொல்லுங்கள். புனலூர்ப் பக்கம் என்றால் சேட்டா என்று கூப்பிட்டு இதையே கேளுங்கள், தமிழில் கேட்டாலே புரிந்துகொள்வார்கள். பழைய கப்பைத் தூக்கிப் போடாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள். உதட்டில் கோடு இருந்தால் உள்ளே பள்ளம் இருக்கிறது.

முதல் ஓட்டம் எப்படிப் போக வேண்டும்?

நிறுத்திய இடத்திலேயே லிவரை முழு பலத்தோடு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. ஓஸ் போல்ட், ரப்பர் தொப்பி, நிப்பிள் மூன்றையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, லிவரை அழுத்தி விட்டதும் மறுபடி தாராளமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிரேக் லைட் எரிகிறதா என்பதையும் பாருங்கள், அதை எல்லாரும் மறப்போம்.

அப்புறம் ஆளில்லாத சமதள ரோட்டில், பின் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் பத்துத் தடவை பிடித்துப் பாருங்கள். நான் புளியரைக்கு இந்தப் பக்கம் வயல் நடுவே போகும் ரோட்டில்தான் பார்ப்பேன். திரும்பி வந்ததும் டிஸ்க் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் அனல் அடிக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் அந்த மூன்று இடத்தையும் தாளால் ஒற்ற வேண்டும். ஒரு வாரம் கழித்து ரப்பர் தொப்பியைத் தூக்கிப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மலை ஏறலாம்.